அரமும் அனுபவமும்

தொழிலதிபர்களை ஒரு ஜில்லாவுக்கு வரவழைக்க நிலம், நீர், மின்சாரம் என்னும் பழைய சீதனங்கள் போதாவென்று, ‘பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஏராளம்’ என்ற வாக்கியத்தையும் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்டு நீட்டுவது இக்காலத்துச் சம்பிரதாயமாகிவிட்டது. அந்த ஏராளத்தில் ஒருவன், 1950-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வாரிசாக, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்து, இரண்டு வருஷம் வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி, மூலைமட்டத்தை அதன்மேல் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இடையில் மயிரிழை ஒளியும் கசியாதபடி சமன்செய்யும் வித்தையைக் கற்று (உள்ளங்கைக் காய்ப்பே அதற்கு அத்தாட்சி), பிரகாசமான முகத்துடன் நேர்முகத்துக்குப் போகிறான்.

“பேஷ்! அனுபவம் உண்டோ?” என்கிறார் அதிகாரி.

இல்லையென்று அவன் தலைகுனிய, அத்தகைய அபாக்கியவான்களுக்கென்றே 1961-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டம் இருப்பது அவருக்குச் சட்டென ஞாபகம் வந்து, சம்பளம் என்ற அநாகரிகமான சொல்லைத் தவிர்த்து ‘உதவித்தொகை’ என்ற பரிசுத்தமான பதத்தால் அவனை ஒரு வருஷத்துக்கு ஆட்கொள்கிறார். வருஷம் முடிந்ததும், அனுபவசாலியாகிவிட்ட அவனை மனமார வாழ்த்தி வழியனுப்பிவிட்டு, வாசலில் காத்திருக்கும் அடுத்தவனை உள்ளே அழைத்து, மிகுந்த பரிவுடன் விசாரிக்கிறார்: “அனுபவம் உண்டோ?”