பரண் ஏறிய குடும்பம்

சார்லஸ் டார்வினின் மூத்த மகன் வில்லியம் முதன்முதலாகச் சிரித்தது, பிறந்த 45ஆம் நாள். இந்தச் செய்தி அச்சில் வந்தபோது வில்லியமுக்கு வயது 37. சவுத்தாம்ப்டன் நகரத்தில் வங்கித் தொழிலில் இருந்தார். கடன் கேட்டு வருகிறவர்கள் முன்னால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய மனிதர். அவர் பிறந்த ஏழாம் நாள், அப்பா உள்ளங்காலைக் காகிதத்தால் தொட்டதும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார் என்பதை 1877இல் 'மைண்ட்' ஆய்விதழின் வாசகர்கள் அத்தனை பேரும் படித்துவிட்டார்கள்.

அந்தக் கட்டுரையில் ஒரு விவரம் மட்டும் இல்லை. பிள்ளை எழுந்து நடமாடத் தொடங்கியதும் டார்வினின் மேஜைமேல் இருந்த மைக்கூடு எங்கே போனது? அவர் சேர்த்து வைத்திருந்த மாதிரிப் பெட்டிகளை யார் தூக்கி, எந்த அலமாரியின் தலையில் வைத்தார்கள்? பிள்ளை வளர்ந்த கதையை எழுதுகிறவர்கள், அதனால் வீடு பட்ட பாட்டை எழுதுவதே இல்லை.

அப்படிப் பாடுபட்ட வீடு ஒன்று மேற்கு மாம்பலத்தில், மூன்றாம் மாடியில் இருக்கிறது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் முதல் ஆறு மாதம் பாப்பா தஞ்சாவூரில் வளர்ந்தாள். அப்பாவுக்குச் சென்னையில் மென்பொருள் வேலை. அலுவலகம் பெரிய மனது பண்ணி ஒரு வாரம் விடுப்புக் கொடுத்திருந்தது. மத்திய அரசு ஊழியராக இருந்தால் அப்பாவுக்கு 15 நாள் உண்டு. தனியார் நிறுவனத்து அப்பாக்களைப் பற்றிச் சட்டம் வாயே திறப்பதில்லை. அம்மாவுக்கு 26 வாரம். 2017இல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்பு அதுவும் 12 வாரம்தான்.

ஆகவே அப்பா வெள்ளிக்கிழமை இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி, சனிக்கிழமை காலை தஞ்சாவூரில் இறங்கி, குழந்தையைப் பார்க்க ஓடுவார். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். அந்த எல்லைக்குள் முகத்தைக் கொண்டுபோன மறுகணமே பின்னால் குரல் கேட்கும்: "மாப்பிள்ளை, ரயில்ல வந்த முகத்தோட பச்சைக் குழந்தைகிட்ட போகாதீங்க. குளிச்சிட்டு வாங்க." குளித்துவிட்டு வருவதற்குள் பாப்பா தூங்கியிருப்பாள்.

ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குவது பிறந்த குழந்தைக்கு இயல்பு. பாப்பாவும் கணக்குக் குறையாமல் தூங்கினாள். ஆனால் வீட்டில் வேறு யாருக்கும் அந்தத் தூக்கம் பயன்பட்டுவிடாதபடி பகலில் பெரும்பங்கையும், இரவில் சில்லறையையும் வைத்துக்கொண்டாள். தூக்கத்தில் உதட்டைச் சுழித்துச் சிரித்தால், கனவில் நரி வந்து விளையாட்டுக் காட்டுகிறது என்பார் பாட்டி. அது தானாக வரும் தசை அசைவு, முகம் பார்த்துச் சிரிப்பதற்கு ஆறு வாரமாவது ஆகும் என்று அப்பா விளக்குவார். நரிக்குக் கிடைத்த சிரிப்பு தனக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆற்றாமை அந்த விளக்கத்தில் நன்றாகவே தெரிந்தது.

குப்புற விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பா மீட்டிங்கில் இருந்தபோது வாட்ஸப்பில் வீடியோ வந்தது. அதில் பாட்டியின் முழங்கை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, "விழுந்துட்டா, விழுந்துட்டா" என்ற கூச்சல் கேட்டது. விழுந்தவள் மட்டும் தெரியவில்லை.

"அத்தை, இன்னொரு தடவை விழச் சொல்லுங்களேன்."

"அது என்ன சர்க்கஸா மாப்பிள்ளை? மனசு வந்தா விழும்."

பழைய புலவர்களுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. பிள்ளைத்தமிழ் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்து, இன்ன மாதத்தில் இன்னது என்று வைத்திருக்கிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆட வேண்டும். ஒன்பதாம் மாதம் சப்பாணி கொட்ட வேண்டும். குமரகுருபரரின் மீனாட்சி எந்தப் பருவத்துக்கும் தாமதமாக வந்ததில்லை. வந்திருந்தால் அடுத்த பத்துப் பாடல்கள் காத்துக்கிடந்திருக்கும்.

அப்பாவின் கையில் இருந்தது உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்டது. துணையில்லாமல் உட்கார 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. தனியாக நடக்க 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. இடையில் எப்போது செய்தாலும் கவலை வேண்டாம் என்பது அதன் பொருள். அப்பா அதை எக்செல்லில் ஏற்றி, கட்டங்களுக்கு வண்ணம் பூசி, இடைப்பட்ட காலம் முழுவதும் கவலைப்பட்டார். பாட்டியின் அட்டவணையில் ஒரே ஒரு வரிதான்: "எங்க எதிர்வீட்டுப் பையன் எட்டாம் மாசமே நடந்துட்டான்." அந்தப் பையன் அதன்பிறகு எங்கே நடந்து போனான், என்ன ஆனான் என்பது யாருக்கும் தெரியாது.

26 வாரம் முடிந்தது. அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மசித்த உணவு என்பது மருத்துவ விதி. சம்பள விடுப்பும் வெறும் பாலும் ஒரே வாரத்தில் முடிந்துபோக, தொட்டில், தூளிப் புடவை, உரைமருந்துக் கல், பாட்டி ஆகிய நால்வகைச் சொத்தோடு குடும்பம் மாம்பலம் வந்து சேர்ந்தது.

பரணுக்கு முதலில் போனது தேன் பாட்டில். நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் பேச்சு நன்றாக வரும் என்று பாட்டி கிளம்பினார். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகளைக் குழந்தையின் குடல் தாங்காது என்று குழந்தை மருத்துவர் சொல்லியிருந்தார். "எம் பொண்ணுக்கு நான் வெச்சேனே, அவ பேசாமலா இருக்கா?" என்றார் பாட்டி. அந்த வீட்டில் இதற்கு மாப்பிள்ளையால் பதில் சொல்ல முடியாது. பாட்டிலை எடுத்து மேலே வைத்தார்.

அடுத்து, கட்டில் கீழே வந்தது. இரண்டு புரளில் விளிம்புக்கு வந்துவிடும் பிள்ளையை வைத்துக்கொண்டு கட்டிலில் படுப்பது காவல் வேலை. மெத்தை தரைக்கு இறங்க, வங்கிக் கடனில் வாங்கிய தேக்குக் கட்டில் சுவரோரம் சாய்ந்து நின்றது. பாப்பா உட்காரத் தொடங்கியதும் செய்தித்தாளும் ரிமோட்டும் டிவியின் தலைமேல் ஏறின. காலிங் பெல்லின் மேல் "குழந்தை தூங்குகிறது" என்று காகிதம் ஒட்டப்பட்டது. கூரியர்காரர் அதைப் படித்துவிட்டுக் கதவை இடித்தார். குக்கர் விசிலுக்குப் பயந்து பாட்டி சோற்றை வடித்தார். கணவனும் மனைவியும் டிவியை ஊமையாக்கி, கீழே ஓடும் எழுத்துகளைப் படித்து, ஒரு படத்தைத் தீபாவளிக்குத் தொடங்கிப் பொங்கலுக்கு முடித்தார்கள்.

தவழும் காலம் வந்தது. பாப்பா தவழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கையை ஊன்றி, பின்புறத்தால் தேய்த்துக்கொண்டே கூடத்தைக் கடந்தாள். எக்செல்லில் அதற்குக் கட்டம் இல்லை. அப்பா இரவெல்லாம் தேடினார். அந்த ஐந்து நாட்டு ஆய்விலேயே 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை என்று இருந்தது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்வதையே எடுத்துவிட்டது என்பதும் கிடைத்தது. விடிந்ததும் மாமியாரிடம் இதைச் சொன்னார். "தரை சுத்தமாகுது, விடுங்க" என்றார் பாட்டி.

தேய்த்துக்கொண்டு போகிறவளுக்குக் கை எட்டும் உயரம் குறைவு. ஆனால் எட்டாத மூலை கிடையாது. செருப்பு ஸ்டாண்டு, குப்பைக்கூடை, அரிசி டப்பா, ஸ்டெபிலைசர் எல்லாம் ஒவ்வொன்றாக மேலே போயின. கடைசியில் சாமியும் போனார். தரையோரம் மனைப்பலகையில் இருந்த படங்களும் காமாட்சி விளக்கும் சுவர் அலமாரியின் மேல்தட்டுக்குக் குடியேறின. நாலடி பத்தங்குலம் உயரமுள்ள பாட்டிக்குச் சாமி எட்டவில்லை. தெருமுனைக் கடையில் ஒரு மர முக்காலி வாங்கி வந்தார்கள். தினமும் காலையில் பாட்டி முக்காலியில் ஏறி விளக்கேற்றி, அங்கிருந்தே கும்பிட்டு, "பார்த்து இறங்குங்க அத்தை" என்ற மந்திரத்தோடு இறங்குவார்.

பல் முளைக்கும் சமயத்தில் திருப்பூரிலிருந்து தாய்மாமன் அடிக்கடி போன் பண்ணினான். மேல்பல் முதலில் வந்தால் மாமனுக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அக்கா, வாயைக் கொஞ்சம் கேமராகிட்ட காட்டு." கீழ் முன்பற்கள் பொதுவாக 6 முதல் 10 மாதத்திலும், மேல் முன்பற்கள் அதற்குப் பிறகும்தான் வரும் என்று அப்பா தைரியம் சொன்னார். யாழ்ப்பாணத்தில் முதல் பல்லுக்குத் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகச் செருகிய கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையில் சொரிந்து கொண்டாடுவார்கள். மாம்பலத்தில் அம்மா பாலூட்டும்போது போட்ட அலறல்தான் அறிவிப்பு. கீழ்ப்பல்தான். மாமன் அன்றே காதுகுத்துக்குத் தோடு வாங்கக் கிளம்பினான்.

ஸ்பூனைக் கீழே போடும் காலமும் வந்தது. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளையே உட்காரவைத்து ஆராய்ந்தவர். அவர் மகன் லாரன்ட் பத்து மாத வயதில் பொருள்களை விதவிதமாகக் கையை நீட்டிக் கீழே போட்டுப் பார்த்ததைப் பரிசோதனை என்றே எழுதியிருக்கிறார். கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்துக் கொடுத்த உதவியாளரின் உழைப்புக்கு உளவியல் வரலாற்றில் தனி அத்தியாயம் இல்லை. மாம்பலத்து ஆய்வகத்தில் அந்தப் பதவி அப்பாவுக்கு. பாப்பா ஸ்பூனைப் போடுவாள், எட்டிப் பார்ப்பாள், அப்பா குனிவார். பொருள் கீழேதான் விழும் என்பது அவளுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அப்பா ஒவ்வொரு முறையும் குனிவாரா என்பதைத்தான் வாரக்கணக்கில் சோதித்தாள்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பெண் குழந்தையின் நடுத்தர உயரம் பிறக்கும்போது 49.1 சென்டிமீட்டர், ஒரு வயதில் 74. சாப்பாட்டு மேஜை சுமார் 75. அதாவது முதல் பிறந்த நாளன்று பிள்ளையின் உச்சந்தலை மேஜைக்கு வந்துவிடும். கை அதற்கும் மேலே போகும். பாப்பா கணக்குத் தவறாமல் பிடித்து எழுந்து நின்று, மேஜை விரிப்பைப் பற்றி இழுத்தாள். ரசம், அப்பளம், அம்மாவின் அலுவலக மடிக்கணினி மூன்றும் ஒன்றாக வந்தன. அன்று முதல் அந்த வீட்டில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். தட்டு ஃபிரிட்ஜின் தலையில்.

பிறகு நடை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகளைப் படம் பிடித்து எண்ணி, 2012இல் கணக்கு வெளியிட்டார்கள். தாராளமாக விளையாடும் குழந்தை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைக்கிறது. 17 முறை விழுகிறது. அவர்கள் எண்ணாதது ஒன்று உண்டு. நம் ஊரில் பிள்ளை விழுந்தால் தரையை அடிக்க வேண்டும். "அடிச்சாச்சு, அடிச்சாச்சு, எங்க பாப்பாவையா தள்ளிவிட்ட?" என்று பாட்டி மணிக்குப் பதினேழு முறை குனிந்து தரையை அறைந்தார். முதல் வாரம் கையால். மூட்டுவலி வந்த பிறகு நின்ற இடத்திலிருந்தே விளக்குமாற்றுக் கட்டையால்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். காகிதத்தைப் படித்துவிட்டு மெதுவாகத் தட்டினார். "சார், தப்பா நினைக்காதீங்க. நாள் முழுக்க மேலேருந்து யாரோ குத்துற மாதிரியே சத்தம்." அப்பா அடால்ஃப் கணக்கை விளக்கத் தொடங்கினார். கீழ்வீட்டுக்காரரும் பொறுமையாகக் கேட்டார். 2,368க்கு வருவதற்குள் இருவருக்கும் நடுவே புகுந்து பாப்பா வாசலைத் தாண்டி லிஃப்ட் வரைக்கும் போயிருந்தாள். அவளைத் தூக்கி வந்தவர் கீழ்வீட்டுக்காரர்தான். சத்தத்தைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

மறுநாளே தச்சரைக் கூப்பிட்டார்கள்.

"தாழ்ப்பாள் எவ்வளவு உயரத்துல சார் வைக்கணும்?"

அப்பா மடிக்கணினியைத் திறந்தார். இரண்டு வயதில் 86 சென்டிமீட்டர், கையைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம், மூன்று வயதுக்கும் சேர்த்துப் பார்த்தால்... "கதவோட உச்சியிலயே வெச்சிடுங்க."

"அப்ப நான் எப்படி வெளியில போறது?" என்றார் பாட்டி. சாமி மேலே போனபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லை.

தச்சர் கூடத்தைச் சுற்றும்முற்றும் பார்த்தார். "அதான் முக்காலி இருக்கே பாட்டிம்மா. இழுத்துப் போட்டு ஏறித் திறந்துக்குங்க."

அந்த முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு, கடகடவென்று, பாப்பா அதற்குள் கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.