சாளர வாஸ்து: ஓர் ஆராய்ச்சி

வீட்டுக்கும் கிணற்றுக்கும் மனையடி சாஸ்திரம் வகுத்த நம் முன்னோர், கம்ப்யூட்டர்த் திரையில் பொத்தான்களை வைப்பதற்கு விதி சொல்லாமற் போனார்கள் என்ற அபவாதம் அடிப்படையற்றது என்பதே, விருத்தாசலத்தை அடுத்த மங்களூரில், பீங்கான் சூளைக் கணக்குக்காக ஓர் இளைஞன் பைத்தானில் எழுதிவரும் நிரலை ஆராய்ந்து நான் கண்ட சித்தாந்தம்.

திரையில் சாளரம் வரைய அவன் கையாளும் டிகின்டர், 1988இல் பெர்க்லி சர்வகலாசாலையில் ஜான் ஓஸ்டர்ஹவுட் தோற்றுவித்த டிக்கிள் மொழிக்குத் துணையாகப் பிற்பாடு பிறந்த டிகே என்னும் கருவித்தொகுதியின் வாரிசு. அதில் பொத்தான் முதலான ஒரு விட்ஜெட்டை நிலைநிறுத்தும் 'ஆங்கர்' என்ற குறிக்கு, திரையின் மேற்புறத்தை வடக்காகக் கொண்டு எட்டுத் திக்கும் நடுவும் ஆக ஒன்பது இடங்களே உண்டு. அஷ்டதிக்பாலகரும் பிரம்மஸ்தானமும் இவையன்றி வேறென்ன? ஒன்றும் சொல்லாவிட்டால் பொத்தான் பெரும்பாலும் தனக்கு ஒதுக்கிய இடத்தின் பிரம்மஸ்தானத்தில் போய் அமர்கிறது. அந்த இடத்தைக் காலியாக விடவேண்டும் என்ற நம் விதியை அமெரிக்கர் அறியாததை அநுபவக் குறைவு என்று மன்னிக்கலாம். ஆயினும் 'சரி' என்னும் பொத்தானைப் பலரும் வலது கீழ் மூலையில், அதாவது அக்கினியில், வைத்துக் காரியத்தை அங்கேயே வேகவிடுவதை விவேகிகள் கவனிக்கவேண்டும்.

விட்ஜெட்டுகளுக்கு இடம் ஒதுக்கும் இச்சாஸ்திரத்தில் சம்பிரதாயங்கள் மூன்று. 'பேக்' மதம் சூளை அடுக்குகிறவனுடையது: முதலில் வந்தது ஒரு பக்கத்தைக் கைப்பற்ற, அடுத்தது மிச்சத்தில் இடம் தேடும், சாளரம் சுருங்கினால் கடைசியில் வந்ததே முதலில் மறையும். ஆதலால் 'சரி'யை முன்கூட்டியே அடுக்கிவிடுவது உத்தமம். 'கிரிட்' மதத்தார் பூஜ்யத்திலிருந்து வரிசையும் பத்தியும் எண்ணிக் கட்டம் போடுவார்கள். அந்த வரிசைக்கும் பத்திக்கும் 'வெயிட்' என்னும் எடை கொடுக்க மறந்தால் சாளரம் எவ்வளவு விரிந்தாலும் உள்ளிருப்பவை அசையா. 'பிளேஸ்' மதத்தார் அங்குலக் கணக்குப் பார்ப்பவர்கள். 'ஓகே' இருந்த இடத்தில் 'சேமிக்கவும்' என்று தமிழில் எழுதினால் பொத்தான் நீண்டு பக்கத்து வீட்டின் மேல் ஏறிவிடும்.

முதலிரு மதத்தாரையும், விட்ஜெட்டுகளை அடக்கும் சட்டமாகிய ஒரே ஃபிரேமுக்குள் குடிவைத்தால் விளைவதோ மகா விபரீதம். வடகலை தென்கலை வழக்காவது நீதிமன்றம் வரை போயிற்று; இங்கே, பழைய பதிப்புகளில், ஒருவர் அடுக்கியதை மற்றவர் கலைத்து, அவர் கலைத்ததை இவர் மறுபடி அடுக்கி, சாளரம் திறக்காமலும் நிரல் முடியாமலும் கிடக்கும். பிந்திய பதிப்புகள் பிழைச்செய்தி காட்டி உடனே நிறுத்திவிடுகின்றன. பரிகாரம் யாதெனில், ஃபிரேமுக்குள் இன்னொரு ஃபிரேம் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மடத்தை மட்டும் அனுமதிப்பது. மங்களூர் இளைஞனின் நிரலில் இப்போது அப்படி ஏழெட்டு மடங்கள் இருக்கின்றன.