முசிறிக்குப் போன பஸ்

1984இல் என் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தது பஸ்தான். திருச்சியில் இயற்பியலுக்கு இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலுக்குக் கட்டப் பணமில்லை. துறையூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் கிராமத்துக்குக் காலையில் வந்த ஒரே பஸ் முசிறிக்குப் போனது. அங்கே அரசுக் கல்லூரியில் வரலாற்றில்தான் இடம் மிச்சமிருந்தது. சோழர்கள்மேல் எனக்கு அக்கறை வந்த கதை இதுதான்.

அதற்கு முன்னால் அப்பா ஒரு பேங்கில் கேட்டுப் பார்த்தார். ஐ.ஆர்.டி.பி. என்ற ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் தாராளமாகக் கிடைத்த காலம். மானேஜர் மரியாதையாகத்தான் சொன்னார்: "மாடு வாங்குங்க, மானியத்தோட தர்றேன். படிப்புக்கு எதை நம்பிக் கொடுக்கிறது?" அப்பா மாடு வாங்கினார். பால் விற்ற காசில் ஃபீஸ் கட்டினார். அந்த வகையில் நானும் அரசு உதவியில் படித்தவன்தான்.

இன்று நிலைமை வேறு. 2001இல் வந்த கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கிடையாது. 2010இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினீயரிங்கிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு. கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசின் செலவு. இதையெல்லாம் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் இன்ஜினீயரிங் சேர இருந்த தங்கை மகன் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போனபோது அங்கிருந்த பெண் கேட்டாள்: "அக்கா டிகிரி முடிச்சிட்டாங்களா? அப்ப நீங்க ஃபர்ஸ்ட் கிராஜுவேட் இல்ல தம்பி." அக்கா படித்தது உள்ளூர் அரசுக் கல்லூரியில் பி.காம்.; ஃபீஸ் சொற்பம். சலுகை தேவைப்படாதவள் முதல் பட்டதாரியாகிவிட்டாள், தேவைப்பட்டவன் இரண்டாமவன்.

7.5க்கும் வழியில்லை. நகையை அடகு வைத்து மெட்ரிக் பள்ளியில் படிக்கவைத்த குற்றம். அரசுப் பள்ளியில் படித்த எதிர்வீட்டுப் பெண்ணோ ஒரு ரூபாய் கட்டாமல் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறாள். போதாக்குறைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அவள் அப்பாவுக்கு அன்று மெட்ரிக் ஃபீஸ் கட்ட வக்கில்லை என்று எங்கள் தெரு பரிதாபப்பட்டிருக்கிறது.

தங்கைக்குக் கடைக்குட்டி ஒருத்தி உண்டு, ஐந்தாம் வகுப்பு. எங்கள் தெருவில் இப்போது அந்த வயதிலேயே கவுன்சலிங் தொடங்கிவிடுகிறது.

"மச்சான், ஆறாவதுக்கு இவளை கவர்ன்மென்ட் ஸ்கூல்ல போட்டுரலாமா?" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"அடுத்த வருஷத்துக்கும் அட்வான்ஸ் கட்டியாச்சு அண்ணே" என்றாள் தங்கை, அடுப்படியிலிருந்து.