பேரனுக்கு வந்த பெரிய வியாதி

என்னலே சொன்னே? “எல்லாம் இருக்கு தாத்தா, ஆனா மனசு நெறையல.” அப்படித்தானே?

பெரிய வியாதிதான். கூலிக்குப் போறவனுக்கு இது வராது. சாயங்காலம் கூலி வாங்குன கையோட கடன்காரன் வந்து நிப்பான். மனசு நெறஞ்சுதா கொறஞ்சுதான்னு பாக்க அவனுக்கு ஏது நேரம்? உனக்குச் சம்பளம் ஒண்ணாந்தேதி விழுது, அஞ்சாந்தேதி வீட்டுக் கடனும் காருக் கடனும் தானாப் போயிருது. கடன்காரன் மூஞ்சியக்கூட நீ பாக்க வேண்டாம். அம்புட்டு வசதி!

சோறு பைக்ல வந்து கதவத் தட்டுது. துணிக்கு மிஷினு, பாத்திரத்துக்கு மிஷினு. நடக்கவும் ஒரு மிஷின் வாங்கிப் போட்டிருக்கியாம். அதுமேல உன் சட்டைதான் காயுதுன்னு உன் பொண்டாட்டி சொன்னா. மிச்சம் இருக்கது சந்தோசப்படுற வேலை ஒண்ணுதான். அதையும் நீயே செய்யணும்னா கஷ்டந்தான், பாவம்.

நான் எட்டாங்கிளாஸ். ஆனா நம்மூரு லைப்ரரியில ஃபேன் காத்து நல்லா வரும், அதுக்காகப் போயி உக்காந்து படிச்சதச் சொல்லுதேன். ரஷ்யாவுல டால்ஸ்டாய்னு ஒரு மிராசு. அம்பது வயசு நெருங்கையில ஊரெல்லாம் பேரு, வீடு நெறையப் புள்ளைக. சமாரா சீமையில 6,000 தெசியாத்தினா நெலம். நம்ம கணக்குக்கு 16,000 ஏக்கருக்கு மேல. 300 குதிரை. “சரி, எல்லாம் இருக்கு, அப்புறம்?”னு ஒரு கேள்வி புகுந்து குடைஞ்சு எடுத்துட்டுது. கயித்தத் தன் கண்ணுக்கே படாம ஒளிச்சு வச்சாராம். பெறகு குடியானவங்களோட சேந்து உழுதாரு, புல்லு அறுத்தாரு, பூட்ஸு தைக்கவும் கத்துக்கிட்டாரு.

நல்லதுதான். ஆனா 13 புள்ள பெத்த அவரு பொண்டாட்டி சோபியா கதையையும் கேளு. மனுசன் அர்த்தம் தேடப் போன நேரத்துல பண்ணைக் கணக்குப் பாத்தது, புத்தகத்த அச்சுக்குப் போட்டது எல்லாம் அந்தம்மா. அவரு கிறுக்குனதப் படியெடுத்ததும் அவதான். இம்புட்டுத் தேடியும் 1910-ல, 82 வயசுல, ராத்திரியோட ராத்திரியா வீட்ட விட்டுக் கிளம்பிட்டாரு. அஸ்தபோவோ ரயில் ஸ்டேஷன்ல, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுல உசுரு போச்சு. அதனால, “வேலைய விட்டுட்டு ஒரு வருசம் இமயமலைப் பக்கம் போறேன்”னு நீ கிளம்புறதுக்கு முந்தி, புள்ளைக்கு ஸ்கூல் பீஸு கட்டப்போற உன் வீட்டுச் சோபியாவ ஒரு வார்த்த கேட்டுக்கோ.

துட்டு கூடுனாச் சரியாயிரும்னும் நெனைக்காதே. அமெரிக்காவுல இல்லினாய்ஸ் பக்கம் லாட்டரி அடிச்சவங்கள விசாரிச்சு 1978-ல எழுதியிருக்காங்க. அடிக்காதவங்களவிட அவங்களுக்குச் சந்தோசம் பெருசாக் கூடலியாம். கூட்டாளியோட பேசுறது, காலைச் சாப்பாடு, இதுல இருந்த ருசிதான் கொறஞ்சு போச்சாம். நம்ம கவர்மெண்டு 2003-லயே லாட்டரிய நிறுத்திட்டுது. உன்மேல எம்புட்டு அக்கறை பாரு!

உன் கொறை என்னன்னு சொல்லட்டுமா? நீ இல்லாட்டி எதுவும் நிக்காது. நீ லீவு போட்டா ஆபீஸ்ல இன்னொருத்தன் பாத்துக்கிடுவான், வீட்ட போனு பாத்துக்கிடும். நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு நமக்கு முறைத்தண்ணி. உன் சித்தப்பன் மம்பட்டியோட வாமடையில நின்னான். அவன் போகலன்னா கீழவயக்காரன் தண்ணியத் திருப்பியிருப்பான். காலையில சேறு காயாத காலோட வந்து, பழைய சோத்துக்கு மோர்மொளகாயக் கடிச்சிக்கிட்டு மூணு தட்டம் தின்னான். “மனசு நெறஞ்சுதாலே?”ன்னு கேட்டேன். “மனசு கெடக்கட்டும், வயலு நெறஞ்சுது”ன்னுட்டு குப்புறப் படுத்துட்டான்.

உனக்கு வயலு வேண்டாம். உன் கைய எதிர்பாத்து ஒரு வேலை நின்னாப் போதும். கீழ்வீட்டுப் பாட்டி, தான் உசுரோட இருக்கேன்னு பென்ஷன் ஆபீஸ்ல காட்ட வருசா வருசம் ஆள் தேடுறாளாம், கூட்டிட்டுப் போ. வாட்ச்மேன் மகனுக்குக் கணக்கு வரலியாம். உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடு. பெயிலானா அவங்கப்பன் உன்னத்தான் கேப்பான். கேக்கட்டும், அந்தப் பயம் உனக்கு வேணும்.

ராத்திரி தூக்கம் வராம, சோறு எறங்காம, கயிறு கண்ணுல படுதுன்னா அது வேற. அதுக்குத் தாத்தன் பேச்சு ஆகாது, டாக்டர்ட்டப் போயிரணும்.

மத்தபடி, கொஞ்சம் கொறை இருந்துட்டுப் போகட்டும்லே. ஒரு கொறையும் இல்லாமப் படுத்திருக்கவன நாலு பேரு தூக்கிட்டுல்லா போவாங்க! பேச்சு போதும். மாட்டுக்குத் தண்ணி காட்டணும், எந்திரி.