தணிக்கைக்கு வராத காலண்டர்

தமிழ்நாட்டில் வணிகவியல் துறை இல்லாத கலை அறிவியல் கல்லூரி அபூர்வம். வணிகவியல் துறை இருந்து காமர்ஸ் அசோசியேஷன் இல்லாத கல்லூரி அதைவிட அபூர்வம். கல்லூரி திறந்த கையோடு இந்த மன்றத்தின் ஆண்டுத் திட்டம் துறையின் அறிவிப்புப் பலகையில் ஏறிவிடும். ஒரே ஒரு ஏ4 தாள். அதில் வரிசை எண், மாதம், நிகழ்ச்சி, பொறுப்பாளர் என்று நான்கு கட்டங்கள். ஜூலையில் தொடக்க விழா, ஆகஸ்டில் சிறப்புச் சொற்பொழிவும் பிசினஸ் குவிஸும், செப்டம்பரில் தொழில்முனைவோர் பயிலரங்கும் ஆட்-ஜாப் விளம்பரப் போட்டியும் என்று மாதத்துக்கு இரண்டு மூன்றாகப் போகும். டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினம் என்பதால் அன்றைக்கு விழிப்புணர்வுப் பேரணி. அதே நாளில்தான் மாணவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் பஸ் ஏறுவார்கள் என்பது திட்டக்குழுவின் கவனத்துக்கு வராது. மார்ச்சில் நிறைவு விழா. கூட்டிப் பார்த்தால் இருபதுக்குக் குறையாது. செலவுக்கு ஒரு கட்டம் இருக்காது, தேதிக்கும் இருக்காது. இதைத் தயாரித்தவர்கள் யாரென்று பார்த்தால், பட்ஜெட்டரி கன்ட்ரோல் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதுகிறவர்களும் அதைத் திருத்துகிறவர்களும்தான். அந்த இருபதை அடித்துவிட்டு மூன்று என்று எழுத வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் கையிருப்பைப் பார்ப்போம். ஆண்டுக்குக் குறைந்தது 180 வேலை நாள், அதாவது வாரம் ஆறு நாள் வீதம் 30 வாரம் பாடம் நடக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அந்த 180-ஐ முழுதாகவே வரவு வைத்துக்கொள்ளலாம். செமஸ்டருக்கு இரண்டு இன்டர்னல், ஒன்றுக்கு ஒரு வாரம் என்றால் 24 நாள் போயிற்று. இன்டர்னலுக்கு முந்தைய வாரம் எவரும் எதற்கும் வரமாட்டார்கள். படிக்கிறார்கள் என்று சொல்லவில்லை, வரமாட்டார்கள். அது இன்னொரு 24. ஒவ்வொரு செமஸ்டரின் கடைசி இரண்டு வாரமும் போர்ஷன் முடிப்பது, ரெக்கார்டு நோட்டு, மாடல் எக்ஸாம், ஹால் டிக்கெட் என்று ஓடும், அதற்கொரு 24. முதல் செமஸ்டரின் முதல் மாதத்தில் முதலாண்டு மாணவர்கள் அட்மிஷன் வரிசையில்தான் நிற்பார்கள், மன்றத்துக்கு உறுப்பினரே கிடையாது. இன்னும் ஒரு 24. விளையாட்டு விழா, கல்லூரி விழா, பட்டமளிப்பு விழா, சமத்துவப் பொங்கல், ஃப்ரெஷர்ஸ் டே என்று கல்லூரியே எடுத்துக்கொள்வது ஒரு 15. மிச்சம் 69. வடகிழக்குப் பருவமழைக்கு மாவட்ட ஆட்சியர் விடும் விடுமுறையை நான் கழிக்கவே இல்லை. அதற்கு முன்கூட்டியே எண் சொல்லும் துணிவு வானிலை ஆய்வு மையத்துக்கே கிடையாது. இந்த 69 நாளிலும் முழு நாளை யாரும் தரப்போவதில்லை. வாரத்துக்கு ஒரு மதியம் கிடைத்தால் பெரிது. ஷிஃப்ட் முறையில் நடக்கும் கல்லூரி என்றால், வகுப்பு முடிந்ததும் துணிக்கடைக்கும் உணவு டெலிவரிக்கும் வேலைக்குப் போகிற மாணவர்களுக்கு அந்த மதியமும் இல்லை. ஆக, ஆண்டு முழுவதற்கும் மன்றத்தின் கையிலிருப்பது பதினொன்று அல்லது பன்னிரண்டு மதியம். கல்லூரிக்குக் கல்லூரி ஒன்றிரண்டு கூடும், குறையும். இந்த இருப்பை வைத்துக்கொண்டு இருபது நிகழ்ச்சிக்குக் காசோலை எழுதினால் என்ன ஆகும் என்பது பாங்கிங் தாளில் கேட்கப்படும் கேள்விதான்.

ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு மதியம் போதும் என்பதும் தாளில்தான். தொடக்க விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதம் செயலாளரிடம் கிளம்பி, ஸ்டாஃப் இன்சார்ஜ், எச்.ஓ.டி., முதல்வர் என்று மூன்று மேசை ஏறி அலுவலகத்துக்கு வரும்போது, செமினார் ஹாலை இயற்பியல் துறை பிடித்திருக்கும். கடிதம் புதுத் தேதியோடு மறுபடி படியேறும். ஒருவழியாக விழா நாள் வந்து தமிழ்த்தாய் வாழ்த்து பாடியாகும். குத்துவிளக்கின் ஐந்து திரியில் மூன்று, மேலே சுழலும் மின்விசிறியால் பற்றாது. விசிறியை நிறுத்தப் போனவர் ஸ்விட்ச் மாறி மைக்கை நிறுத்துவார். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்பு விருந்தினருக்கு அறிமுகவுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, பொறுப்பாளர்கள் பதவியேற்பு, பேட்ஜ் குத்துதல் எல்லாம் ஆன பிறகு சிறப்பு விருந்தினருக்கு இருபது நிமிடம் மிஞ்சும். அவர் ஸ்டார்ட்அப் பற்றிப் பேசத் தொடங்குவார். கடைசி வரிசையில் மூன்றரை மணி பஸ்ஸுக்காகப் பைகள் ஒவ்வொன்றாகத் தோளில் ஏறும். நன்றியுரையை மேடையில் இருப்பவர்கள் மட்டும் கேட்பார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் பொறித்த ஜியோ-டேக் புகைப்படம் ஒன்று எடுக்கப்படும். இந்த விழா பூமியின் எந்தப் புள்ளியில் நடந்தது என்று அந்தப் படம் துல்லியமாகச் சொல்லும்; எதற்காக நடந்தது என்பதற்குத்தான் இன்னும் செயலி வரவில்லை. ஆறு மதியம் இதற்கே கரைந்திருக்கும். பாதி ஆண்டைச் செலவழித்து, ஆண்டு தொடங்கிவிட்டது என்று அறிவித்திருக்கிறோம்.

அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். அறிவியல் அந்த ஆறுதலைத் தருவதாக இல்லை. காலத்தைக் குறைத்து மதிப்பிடுகிற இந்தக் குணத்துக்கு உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். 1994-ல் வெளியான ப்யூலர், கிரிஃபின், ராஸ் மூவரின் ஆய்வு இன்னும் சுவாரசியம். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே முடிந்த அளவு மோசமாகப் போனால் எத்தனை நாளாகும் என்றும் கேட்டார்கள், 48.6 என்றார்கள். முடித்ததோ சராசரியாக 55.5 நாளில். மனிதர்கள் எவ்வளவு அவநம்பிக்கையோடு கணக்குப் போட்டாலும் உண்மை இன்னும் ஒரு வாரம் தள்ளித்தான் இருக்கிறது. அந்த மாணவர்களாவது தங்கள் சொந்த வேலைக்குக் கணக்குச் சொன்னார்கள். நம் மன்றத் திட்டத்தில் ஒருவர் எழுதிய நாளை இன்னொருவர் காப்பாற்ற வேண்டும். அந்த இன்னொருவருக்குத் தன் பெயர் பொறுப்பாளர் கட்டத்தில் இருப்பது பெரும்பாலும் நவம்பரில்தான் தெரியவரும்.

வேறு ஊர்களில் இது எப்படி நடக்கிறது? அமெரிக்காவில் ஃப்யூச்சர் பிசினஸ் லீடர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற மாணவர் அமைப்பு, 1937-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹாம்டன் ஃபோர்க்னர் போட்ட யோசனையில் உருவாகி, முதல் கிளையை 1942-ல் டென்னசியின் ஜான்சன் சிட்டியில் தொடங்கியது. கல்லூரிகளுக்கான பிரிவு 1958-ல் வந்தது. அவர்களிடமும் பேட்ஜ் உண்டு, பதவியேற்பு உண்டு, கோட்டு சூட்டு நம்மைவிட அதிகம். ஆனால் ஒரு கிளையின் ஆண்டு வசந்த காலத்து மாநில மாநாட்டையும் ஜூனில் வரும் தேசிய மாநாட்டையும் நோக்கியே நகர்கிறது. அங்கே போட்டி இருக்கிறது, தேதியை எவரும் ஒத்திப்போட முடியாது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னாலிருந்து எண்ணி அமைகிறது. நமக்கு அப்படி அசைக்க முடியாத தேதி இல்லையா என்றால், இருக்கிறது. 2017 முதல் மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1-ஆம் தேதிதான். பொங்கல் விடுமுறை முடிந்து, இன்டர்னல் நெருங்காத நேரம். ஓராண்டுக்கு முன்பே தேதி தெரிகிற ஒரே சிறப்பு விருந்தினர் மத்திய நிதியமைச்சர்தான்; பொன்னாடையும் கேட்கமாட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ல் தாக்கல் செய்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோயம்புத்தூர்க்காரர் என்ற உரிமையும் நமக்குண்டு. இத்தனைக்குப் பிறகும் பல மன்றங்களின் பட்ஜெட் கலந்துரையாடல் மார்ச் இரண்டாம் வாரத்தில், செய்தித்தாளே அதை மறந்த பிறகு நடக்கிறது. பட்ஜெட்டுக்கு மறுநாள் மதியம் ஒரே ஒரு வரி மாற்றத்தை எடுத்துக்கொண்டு, கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அதனால் என்ன கூடும், என்ன குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால், அது என் மூன்றில் ஒன்று.

இன்னொன்று, செப்டம்பரில் ஒரு பஜார் தினம். பல கல்லூரிகளில் ஏற்கெனவே நடப்பதுதான்: மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, கைமுதல் போட்டுக் கடை வைப்பது. பஜ்ஜி, மெகந்தி, வளையல், எலுமிச்சை சோடா. ஆனால் கடையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஐந்நூறு ரூபாய் போட்டோம், ஆயிரத்து இருநூறு வந்தது, எழுநூறு லாபம் என்று ஸ்டேட்டஸ் போட்டால் விஷயம் முடிந்தது. உண்மையான வகுப்பு அதற்கு மறுநாள்தான் ஆரம்பமாக வேண்டும். சிலிண்டர் யார் வீட்டிலிருந்து வந்தது? எண்ணெய்ச் சட்டிக்கு வாடகை உண்டா? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மாவு கரைத்துக் கொடுத்த அம்மாவின் கூலி எந்தத் தலைப்பில் வரும்? விற்காமல் போன முப்பது பஜ்ஜியை நண்பர்கள் தின்றது விளம்பரச் செலவா, சரக்கு இழப்பா? இந்தக் கேள்விகளை ஒரு மதியம் உட்கார்ந்து கேட்டால் முக்கால்வாசிக் கடைகள் நஷ்டத்தில் ஓடியது தெரியவரும் என்பது என் ஊகம். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் வாய்ப்புச் செலவு என்ற பத்தியைத் தாண்டிப் போகிற மாணவர்கூட, தன் அம்மா சம்பளமில்லாத ஊழியர் என்று கரும்பலகையில் எழுதப்பட்டதை எளிதில் தாண்டிப் போகமாட்டார்.

இப்போது எதிர்க்கட்சி. முதல் ஆட்சேபணை, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் பெயரால் வரும்: எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் மதிப்பெண் குறையும். இதில் உண்மை இருக்கிறது. ஆண்டறிக்கைப் படிவங்கள் எத்தனை என்றுதான் முதலில் கேட்கின்றன, அந்தக் கட்டத்தில் 3 என்று எழுத ஒருங்கிணைப்பாளருக்குக் கை நடுங்கும். ஆனால் கல்லூரியில் மன்றங்கள் ஒரு டஜனுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் மூன்றை உருப்படியாக நடத்தினால் மொத்தம் நாற்பதைத் தொடும். எந்தக் குழு வந்தாலும் அது கௌரவமான எண். தவிர, திட்டத்தில் இருபது எழுதி ஒன்பது நடத்திவிட்டு, மிச்சம் பதினொன்றுக்கு 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று நடவடிக்கை அறிக்கை எழுதுவதும் ஒரு வேலைதான். இரண்டாவது ஆட்சேபணை, மூன்றே நிகழ்ச்சி என்றால் மாணவர்களுக்குத் தலைமைப் பண்பு எப்படி வளரும் என்பது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளே இல்லாத பொருளாளர் என்று பத்துப் பேருக்குப் பதவி கொடுத்து, எல்லாரையும் நாற்காலி தூக்க விடுவதில் எந்தப் பண்பு வளர்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். பஜார் தினம் ஒன்றிலேயே பதினைந்து கடை, கடைக்கொரு முதலாளி. மூன்றாவது ஆட்சேபணையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அதுதான் பலமானது: பக்கத்து பி.பி.ஏ. துறை இருபத்தைந்து நடத்துகிறதே! அவர்கள் நடத்தட்டும். அவர்களுடைய இருபத்தைந்தில் 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்ற பெயரில் ஊட்டியும் ஒன்று. தேயிலைத் தொழிற்சாலைக்கு நாற்பது நிமிடம், படகு இல்லத்துக்கு நான்கு மணி நேரம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதை உல்லாசப் பயணம் என்றே எழுதி, மாணவர்களை நிம்மதியாகப் படகில் ஏற விட்டிருக்கலாம் என்பேன், அவ்வளவுதான்.

மூன்றாவது நிகழ்ச்சி மார்ச் நிறைவு விழாவுக்குப் பதிலாக பிப்ரவரி கடைசியில் நடக்க வேண்டிய ஒப்படைப்பு. மன்றத்தின் பொறுப்பாளர்கள் வழக்கமாக இறுதியாண்டு மாணவர்கள். ஏப்ரலில் கடைசித் தேர்வு எழுதி, சட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர்களோடு மன்றத்தின் ஞாபகசக்தியும் போய்விடும். பல துறைகளில் ஸ்டாஃப் இன்சார்ஜும் சுழற்சி முறையில் மாறுவார். ஆகவே ஒவ்வொரு ஜூலையிலும் மன்றம் பிறந்த குழந்தையாக எழுந்து, அதே இருபதை மறுபடி எழுதுகிறது. பழைய தாளில் ஆண்டை மட்டும் மாற்றி எழுதுவதும் உண்டு. இதற்கு மருந்து, அடுத்த ஆண்டுப் பொறுப்பாளர்களை இரண்டாமாண்டு மாணவர்களிலிருந்து பிப்ரவரியிலேயே தேர்ந்தெடுத்து, பழையவர்கள் கல்லூரியில் இருக்கும்போதே ஒரு மாதம் கூட உட்கார வைப்பது. பிப்ரவரியிலேயே பதவியைப் பிடுங்கினால் சீனியர்கள் மனம் புண்படும் என்பார்கள். மார்ச்சில் அவர்களுக்கு ப்ராஜெக்ட் வைவா இருக்கிறது. புண்பட நேரம் கிடைக்காது.

ஒப்படைக்க வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் விழாக் குறிப்புகள் வேண்டாம், அவை ஃபைலில் இருக்கின்றன. ஃப்ளெக்ஸ் அடித்த கடை எது, சதுர அடிக்கு என்ன வாங்கினார், அட்வான்ஸ் கேட்டாரா. எத்தனை சமோசா சொன்னோம், எத்தனை மிஞ்சியது. செமினார் ஹால் சாவி எந்த அட்டெண்டரிடம் இருக்கும், அவர் லீவென்றால் யாரிடம். விசிறி ஸ்விட்ச் எது, மைக் ஸ்விட்ச் எது. உறுப்பினர் சந்தா எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மீதி என்ன. இந்தக் கடைசி வரிதான் தகராறு. பெரும்பாலான மன்றங்களில் மீதித் தொகை, நிறைவு விழா முடிந்த அன்று மாலை பொறுப்பாளர்களுக்கு மட்டும் பிரியாணியாக மாறிக் கணக்கு நேராகிவிடும். தொடக்க இருப்பு எப்போதும் பூஜ்யமாகவே இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பிரியாணி கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 'பொறுப்பாளர் நலச் செலவு' என்று தலைப்புப் போட்டு, ரசீதை ஒட்டி, புதுச் செயலாளரையும் பந்தியில் உட்கார வைத்தால் தணிக்கைக்கு ஆட்சேபணை இல்லை.