ஒரு பாட்டுக்கு எத்தனை அவதாரம்?

பெறுநர்: இசைச் செயலி நிறுவனங்களின் பட்டியல் பராமரிப்புத் துறை (அப்படி ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கையில்).

பொருள்: ஒரே பாட்டு ஒரே பட்டியலில் பலமுறை எழுந்தருளுவது குறித்து.

மகா கனம் பொருந்திய நிறுவனத்தாருக்கு,

தங்கள் தாராள மனத்துக்கு முதலில் ஒரு கும்பிடு. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டத்தில் சுற்றி வர நாலு மணி நேரம் ஆகிவிடும். அதற்கென்று ஒரு பக்தர் தங்கள் செயலியில் அண்ணாமலையார் பாட்டுகளைச் சேர்த்து வைக்கிறார். இந்திர லிங்கத்தருகே கேட்ட பாட்டு எம லிங்கத்தருகே மறுபடி வருகிறது. குபேர லிங்கத்தில் மூன்றாம் முறை. அதே குரல், அதே மிருதங்கம், சரணத்துக்கு முன் பாடகர் மூச்சு வாங்கும் இடம்கூட அதே. மாறியிருப்பது அட்டைப்படம்தான்: ஒன்றில் கோபுரம், ஒன்றில் தீபம், ஒன்றில் நந்தி. பாதையிலுள்ள எட்டு லிங்கங்களும் திசைக்கு ஒன்றாக எட்டு. அந்த எளிய கணக்கு தங்கள் கிடங்கில் மட்டும் ஏன் தப்புகிறது?

காரணம் தெரியாமல் இல்லை. கேசட் காலத்திலிருந்தே பக்திப் பாட்டு திரும்பத் திரும்பத் தொகுக்கப்படும் சரக்கு. சிவன் பாட்டுத் தொகுப்பில் வந்தது கார்த்திகைத் தொகுப்பிலும் வரும், பிரதோஷத் தொகுப்பிலும் வரும். கேசட் சிடியாகி, சிடி செயலிக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு தொகுப்பும் தனித்தனியே ஏறியது. போதாக்குறைக்கு நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் சுதந்திரம் வேறு. ‘அண்ணாமலை’க்கு ஒரு ‘என்’ போட்டால் ஒரு பாட்டு, இரண்டு போட்டால் இன்னொரு பாட்டு. ஏற்கெனவே சேர்த்த பாட்டை மறுபடி சேர்த்தால் எச்சரிக்கும் செயலிகள் உண்டு. ஆனால் அதே பாட்டு வேறு ஆல்பத்தின் வழியாக வந்தால், அவை பெரும்பாலும் வாயே திறப்பதில்லை.

கண்டுபிடிக்க வழியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒலிப்பதிவு ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற சர்வதேசக் குறியீடு 1986 முதல் இருக்கிறது. பதிவு ஒன்றேயானால் எத்தனை ஆல்பத்தில் போனாலும் குறியீடும் ஒன்றே என்பது விதி. தொகுப்புக்கொரு புதுக் குறியீடு வாங்கி விதியை மீறுகிறவர்கள் இருந்தாலும், ஒலியையே ஒப்பிடும் ‘ஒலிக் கைரேகை’ முறை இருக்கிறது. சில விநாடி ஓசையைக் கேட்டுப் பாட்டின் பெயரைச் சொல்லும் ஷசாம் அப்படித்தான் வேலை செய்கிறது. யூடியூப் 2007 முதல் ‘கன்டென்ட் ஐடி’ வைத்திருக்கிறது. கல்யாண வீடியோவில் பின்னணியில் ஓடும் பாட்டைக்கூட அது மோப்பம் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்கும். ஆக, உரிமைப் பணம் என்று வந்தால் பாட்டு ஒன்றுதான். சந்தா கட்டிக் கேட்பவர் என்று வந்தால் மட்டும் அது மூன்று. இது தொழில்நுட்பக் குறை அல்ல, அக்கறைக் குறை.

தங்கள் தரப்பு பதில்களையும் யோசித்துப் பார்த்தோம். பக்தியே திரும்பச் சொல்வதுதானே, 108 முறை நாமம் சொல்பவருக்கு மூன்று முறை கேட்பது பாரமா என்பீர்கள். ஜபத்தில் எண்ணிக்கையை முடிவு செய்பவர் பக்தர். இங்கே ஆல்பத்தை ஏற்றிய கம்பெனி. மீண்டும் கேட்க விரும்புபவருக்கு அதற்கான பொத்தான் இருக்கிறது. ஒரே பெயர் என்பதற்காக நீக்கினால் நல்ல பாட்டும் போய்விடுமே என்பது இரண்டாவது பதில். இது நியாயம். ரமணரின் அட்சரமணமாலையைப் பலர் பாடியிருக்கிறார்கள், ஒரே திருப்புகழ் வெவ்வேறு ராகத்தில் கிடைக்கிறது, மேடைக் கச்சேரி வேறு, ஒலிக்கூடப் பதிவு வேறு. அதனால்தான் பெயரை விட்டுவிட்டு ஒலியைப் பாருங்கள் என்கிறோம். வேண்டாததைக் கேட்பவரே நீக்கிக்கொள்ளலாமே என்பது மூன்றாவது. அதற்கு வெளியார் செய்த கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றிடம் கணக்கின் சாவியைக் கொடுக்க வேண்டும். தங்கள் வீட்டுக் குப்பையைக் கூட்ட நாங்கள் ஏன் அடுத்தவரை அழைக்க வேண்டும்?

இது கேட்பவரின் எரிச்சலோடு முடிவதுமில்லை. ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பதிவுக்கு உரிமைத்தொகை கணக்கிடுவதில்லை. ஓர் ஓதுவாரின் பதிகம் மூன்று குறியீடுகளில் சிதறி நானூறு நானூறாகக் கேட்கப்பட்டால், மொத்தம் 1,200. ஆனால் தனித்தனியே எதுவும் வாசலைத் தாண்டாது. சிதறியதைச் சேர்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. அருணகிரிநாதர் பதினாறாயிரம் திருப்புகழ் பாடினார் என்பது மரபு. நமக்குக் கிடைத்தவை சுமார் 1,300. அவற்றையும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முன்சீப் வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி, ஒப்பிட்டு அச்சேற்றியதால்தான் பெற்றோம். கணினி இல்லாத முன்சீப் ஒருவரால் முடிந்த ஒப்பீடு, கணினியைத் தவிர வேறொன்றும் இல்லாத தங்களால் முடியாதா?

நாங்கள் கேட்பது மூன்றே. ஒரே ஒலிப்பதிவின் பிரதிகளை ஒரே பெயரின் கீழ் கட்டுங்கள். பட்டியலில் அது இரண்டாம் முறை நுழையும்போது, எந்த ஆல்பத்திலிருந்து வந்தாலும், சொல்லுங்கள். வைப்பதா நீக்குவதா என்பதைக் கேட்பவரிடம் விடுங்கள். காசு எண்ணத் தெரிந்த கருவிக்குப் பாட்டு எண்ணவும் தெரியும். எண்ணச் சொல்லி உத்தரவிட வேண்டியது தாங்கள்தான்.

இப்படிக்கு,
கிரிவலப் பாதையில் ஒரே பாட்டை மூன்றாம் முறை கேட்டுக்கொண்டிருப்போர்