கல்லாயுதப் பட்டறைக்கு ஈபி பில் உண்டா?

மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியத்தாரின் மேலான கவனத்துக்கு,

ஜிஎஸ்டி பதிவு பெறாத ஒரு தொழிற்கூடத்தைக் காட்டிக்கொடுக்கவே இக்கடிதம். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறை தோண்டியபோது சுமார் 12,000 ஆண்டுப் பழமையான கல்லாயுதப் பட்டறை வெளிப்பட்டது. மேலடுக்கில் ரோமானியச் சாடி ஓடுகளும் கிடைத்தன. உற்பத்தியும் நடந்திருக்கிறது, வெளிநாட்டுச் சரக்கும் வந்திருக்கிறது. வாடகை ஒப்பந்தமோ ஈபி பில்லோ எந்தக் குழியிலும் அகப்படவில்லை. அந்தக் கல்லாயுதக்காரர்களை விட்டுவிட்டு, அதே மண்ணில் இன்று லேத் போட வருகிறவரிடம் மட்டும் இவற்றைக் கேட்டு ஏன் இந்தக் கண்டிப்பு? ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவருக்குப் பதிவே வேண்டாமே என்பீர்கள். மளிகைக் கடைக்கு அது உதவும். ஒரகடத்துக் கம்பெனிக்கு இன்புட் கிரெடிட் வேண்டும். ஜிஎஸ்டி நம்பர் இல்லாத பட்டறைக்கு வெண்டர் கோடு கிடைப்பது அரிது. ஸ்ரீசிட்டிக்கு ஒரு பெட்டி புஷ் விற்றாலோ, மாநில எல்லை தாண்டிய சரக்கு என்று முதல் ரூபாய்க்கே பதிவு கட்டாயம்.

பதிவு வாங்கும்போது நடப்பதற்கு, 2025 ஏப்ரல் 17இல் நீங்கள் அதிகாரிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தலே சாட்சி. வாடகை இடமென்றால் பதிவு செய்த ஒப்பந்தமும், சொத்துவரி ரசீது, கரண்ட் பில் போன்றவற்றில் ஏதேனும் ஒன்றும் போதும். உரிமையாளரின் பான், ஆதார், அந்த இடத்தில் நின்று எடுத்த போட்டோ எதையும் கேட்காதீர்கள் என்கிறது அது. யாரும் கேட்காததை யாரும் தடுப்பதில்லை. அந்தப் போட்டோவை நினைத்துப் பார்க்கிறேன்: மடித்துக் கட்டிய வேட்டி, காலடியில் இரும்புச் சீவல், லேத் சக்கின் மேல் ஒரு கை. இதை வைத்துக் குத்தகைக்காரர் வரி கட்டுவாரா என்று கணிக்க அதிகாரி போதாது, ஜோசியர் வேண்டும்.

போலிப் பில் கும்பலைப் பிடிக்கத்தான் இதெல்லாம் என்பது உங்கள் நியாயம். சரக்கு நகராமல் பில் மட்டும் நகர்ந்து கோடிக்கணக்கில் கிரெடிட் போனது மெய்தான். ஆனால் அவர்கள் தொழிலே காகிதம். அடுத்தவர் ஆதாரும் அடுத்தவர் கரண்ட் பில்லும் அவர்களிடம் கச்சிதமாக இருக்கும். பட்டா தாத்தா பெயரிலும் மீட்டர் பெரியப்பா பெயரிலும் உள்ள கொட்டகையைப் பிடித்தவர்தான் தடுமாறுவார். சந்தேகமென்றால் நேரில் பார்க்க விதியில் இடமுண்டு. லேத் சத்தம் தெருமுனைக்கே கேட்கும். பதிவு பெற்றவர்களுக்கு விற்பதில் மாத வரி இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், ஆதார் சரிபார்ப்போடு மூன்று வேலை நாளில் கணினியே நம்பர் தரும் விதியை 2025 நவம்பர் 1 முதல் கொண்டுவந்தீர்கள். சிறு பட்டறைக்காரரை நம்பலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான். ஜிஎஸ்டி வந்து எட்டு வருஷம் கழித்து!

மேற்படி கல்லாயுதக்காரர் சார்பில் விண்ணப்பம் தயார். ஆதாரில்தான் சிக்கல். இடச் சான்றாகக் குழியின் போட்டோவை இணைத்துள்ளேன். உரிமையாளர் அதில் நிற்கவில்லை.